நகர எல்லைக்குள் மட்டும்

பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். எந்தக் குறும்புக்கார மாணவன் வைத்ததோ, அப்படியே ஒட்டிக்கொண்டது. கார் ஓட்டப் பழக்கும் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் கோட்டைவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். மற்ற மாஸ்டர்கள் ஆபத்துக்கு மிதிப்பார்கள். நம்மவர் சந்தேகத்துக்கே மிதிப்பார். தெருமுனையில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் போதும், வண்டி குலுங்கி நின்றுவிடும். பேருந்தில் போனாலும், வீட்டு நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சியில் கார் துரத்தல் பார்த்தாலும், அவர் கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும்.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. நேற்றுவரை சைக்கிள்கூடத் தொடாத ஆட்களின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, லாரிகளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வேலை அவருடையது. அவர் தொல்லை வேறு. நடக்காத விபத்துகள் எல்லாம் நடந்து முடிந்தவைபோல அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். யார் எந்தப் பக்கம் விழுவார்கள், கண்ணாடி எப்படிச் சிதறும் என்பதுவரை.

அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு நாள் காலையில் அவள் சக்கர நாற்காலியில் வந்து நின்றாள். சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு கால்களும் செயலிழந்தவள். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை. தண்ணீர் வராதவர்கள் திட்டுவதையே கேட்டுக் கேட்டு, எதற்கும் அசையாத ஒரு குரல் அவளுக்கு வாய்த்திருந்தது. ஊரில் இருந்த மற்றப் பள்ளிகள் எல்லாம் வாசலிலேயே கையை விரித்திருந்தன. இந்தப் பள்ளி முதலாளியும் தலையைச் சொறிந்தார்.

"சேத்துக்கக் கூடாதுன்னு இல்லம்மா. சொல்லிக்குடுக்க ஆள் வேணுமே."

அவள் அங்கே நின்ற மாஸ்டர்களைப் பார்த்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மின்விசிறியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்படிப் பராக்குப் பார்க்கும் சாமர்த்தியம் இல்லாதவர் பிரேக் மாஸ்டர் ஒருவர்தான்.

"நீங்க சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்குமே." மனதில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"எனக்கும்தான். அப்ப ஜோடிப் பொருத்தம் சரியாப் போச்சு."

பள்ளியின் பின்பக்கம் பட்டறை வைத்திருந்த வெல்டர், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பியைப் பொருத்திக் கொடுத்தார். இழுத்தால் வண்டி ஓடும், தள்ளினால் நிற்கும். பல மாதம் பழகினாள். பயிற்சி முடிவதற்குள் மாஸ்டருக்குக் கதி கலங்கிப்போனது, வண்டியால் அல்ல, அவளால். தேர்வில் தேறினாள். ஆனால் உரிமம் கைக்கு வந்தபோது அதன் மேல் சிவப்பு மையில் ஒரு முத்திரை இருந்தது: நகர எல்லைக்குள் மட்டும்.

"எல்லையத் தாண்டுனா என் கால் வேற மாதிரி ஆயிடுமா சார்?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ண? உங்கள மாதிரி ஆளுங்களுக்குச் சட்டம் அப்படி."

மாஸ்டருக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனது. ஒரு பழைய கார் வாங்கி அதிலும் கம்பி போட்டார்கள். பயிற்சிக் காலத்துப் பழக்கத்தில் அவள் புருஷனை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, ஆற்றுப்பாலம்வரை போவார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கத்தோடு நகரம் முடிகிறது. அங்கே நகராட்சி வைத்த பெரிய பலகை ஒன்று நிற்கும்: 'போய் வாருங்கள்.'

"வாய் நெறயப் போய் வாங்கன்னு எழுதி வச்சிட்டு, போகக் கூடாதுங்கறாங்க பாருங்க மாஸ்டர்," என்பாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். பாலத்துக்கு அப்பால் நான் ஓட்டுகிறேன், இடம் மாறிக்கொள்வோம் என்று அவர் சொன்னால் கேட்கமாட்டாள். அவள் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அவருக்கு மனசு கஷ்டப்படும். கூடவே ஒரு நிம்மதியும் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவது அவருக்கே பிடிக்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. ஒரு கட்சி சம உரிமைச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. கல்வி, வேலை, கட்டடம் என்று அதில் பல இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு வரியில் அந்தச் சிவப்பு முத்திரையும் நீக்கப்படும் என்று இருந்தது. அவ்வளவுதான், அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அலுவலகத்தில் புகாருக்குப் பதில் சொன்ன வாயால் சாயங்காலத்தில் வீட்டிலிருந்து வாக்காளர்களுக்குத் தொலைபேசி செய்து ஓட்டுக் கேட்டாள்.

மாஸ்டருக்கு அரசியல் நம்பிக்கை என்றாலே ஆகாது. அவருடைய அப்பா ஒரு கட்சிக்காரர். ஒவ்வொரு தேர்தலுக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார். 'இந்தத் தடவை பாரு' என்பார். முடிவு வந்த மறுநாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. அந்த மறுநாள் தன் வீட்டிலும் வந்துவிடுமோ என்று மாஸ்டர் பயந்தார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்து அவர் பார்த்ததில்லை.

அவளோ சுவரில் நாட்டு வரைபடத்தை ஒட்டினாள். கட்டிலுக்கு நேர் எதிரே. கிழக்குக் கடற்கரையில் தொடங்கி, சமவெளி, மலை, பாலைபோல வறண்ட மேட்டுநிலம் எல்லாம் கடந்து மேற்குக் கடலில் முடிகிற நெடுஞ்சாலையின் மேல் பச்சைப் பேனாவால் கோடு போட்டாள்.

"சூரியன் எழுந்திருக்கிற கடல்ல கெளம்பி, அது முங்குற கடல்ல போய் நிக்கணும். முழுக்க நான்தான் ஓட்டுவேன். சட்டம் வந்த மறுவாரமே."

"மொதல்ல வரட்டும்."

"வரும்னு நெனச்சாத்தான் வரும். நீங்க வராதுன்னு நெனச்சு நெனச்சே வர்றதையும் வெரட்டி விட்டுருவீங்க போலிருக்கே."

கண் விழித்தால் அந்தப் பச்சைக் கோடுதான் மாஸ்டர் கண்ணில் படும். வரைபடத்தில் விரற்கடை நீளம் இருக்கிற மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் என்று அவருக்குத் தெரியும். மேட்டுநிலத்தில் டயர் வெடித்தால் நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. அவளுக்குத் தோள்வலி உண்டு. வழியில் அவள் நாற்காலி நுழைகிற கழிப்பறை எத்தனை இருக்கும்? பயப்படுவதற்குப் பதில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று விடுதிகளைத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தார்.

"வாசல்ல படி இருக்குங்களா?"

"படியே கெடையாது சார்."

"நெஜமாவா?"

"ரெண்டே ரெண்டுதான் சார். அதெல்லாம் ஒரு படியா?"

இன்னொரு விடுதியில், "ரூம் கதவு எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டார்.

"ஏன் சார், பீரோவா எடுத்துட்டு வர்றீங்க?"

"இல்லீங்க. பொண்டாட்டி."

 அந்த ஆள் பக்கத்தில் இருந்த யாரிடமோ, "எவ்வளவு குண்டுன்னு தெரியலயேடா," என்று முணுமுணுப்பது கேட்டது. அவளிடம் இதைச் சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். இரவுச் சாப்பாட்டின்போது மறுபடி கதவு அகலம் ஞாபகம் வந்து, அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய அண்ணன் வந்தார். மச்சான் கட்டட ஒப்பந்தக்காரர். எதையும் உறுதியாகச் சொல்லிப் பழகியவர். தங்கையிடம் பேசினால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து, மாஸ்டரைத் தனியாகப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"மாப்ள, அவ சின்னப் புள்ளயிலிருந்தே அப்படித்தான், புடிச்சா புடிச்சதுதான். உங்களுக்காவது கொஞ்சம் புத்தி இருக்கும்னு நெனச்சேன். நடு வழியில ஒண்ணுன்னா என்ன செய்வீங்க?"

"அதத்தான் மச்சான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிச்சா போதுமா? வேண்டாம்னு சொல்லுங்க."

 மச்சான் பேசியது ஒவ்வொன்றும் மாஸ்டர் மனதில் இருப்பதுதான். அது இன்னொருவர் வாயில் கேட்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளும் வந்தது. வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்கு ஏற மூன்று படிகள். தேர்தல் அதிகாரி நல்ல மனுஷன்தான், ஓடி வந்தார்.

"நாலு பேர் சேந்து நாற்காலியோட தூக்கிருவோம்மா. ஒரு நிமிஷ வேல."

"வேண்டாம் சார்," என்றாள் அவள். "எனக்கு மேல ஏற வழி செஞ்சு குடுங்க. நானே வர்றேன்."

முன்னொரு முறை ஒரு அரசாங்க அலுவலகத்தில் இப்படித்தான் நான்கு பேர் தூக்கினார்கள். ஒருவருக்குக் கால் வழுக்கியது. அவள் மணிக்கட்டு முறிந்தது. தூக்கியவர்கள் நல்லது செய்யப்போனவர்கள் என்பதால் அவள் வாய்விட்டு அழவும் முடியாமல் போனது. மாஸ்டர் கூட இருந்து பார்த்தவர். அதனால் தூக்கினாலும் அவருக்குப் பயம், தூக்காவிட்டாலும் பயம். பின்னால் வரிசை நீண்டது. வெயில் ஏறியது.

"மூணு படிக்கு இவ்வளவு வீம்பா? எங்களுக்கு வேல வெட்டி இல்லயா?" என்று ஒரு குரல் வந்தது.

"இருக்குற நாலு ஆம்பளைங்க தூக்குனா கொறஞ்சா போயிடும்?" என்றது இன்னொன்று.

மாஸ்டர் குனிந்து அவள் காதருகே, "இன்னைக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் நிமிர்ந்து நின்றுகொண்டார்.

அப்போதுதான் பயிற்சிப் பள்ளியின் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. கார்களுக்கு எண்ணெய் மாற்றும்போது முன்சக்கரங்களை மேலே ஏற்றி நிறுத்த, இரண்டு இரும்புச் சரிவுப் பலகைகள் அங்கே கிடந்தன. "இங்கயே இரு, வந்திடுறேன்," என்று சொல்லிக் காரை எடுத்தார். பயிற்சிப் பள்ளிக்கு அன்று விடுமுறை. சாவி முதலாளியிடம். முதலாளியோ வேறொரு சாவடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "என் எடத்தப் பாத்துக்கங்கப்பா, செருப்ப விட்டுட்டுப் போறேன்," என்று வெறுங்காலோடு வந்து கொட்டகையைத் திறந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் மனதில் படம் ஓடியது. கூட்டம் அவளை நெருக்குகிறது. யாரோ கேட்காமலே நாற்காலியைப் பிடித்துத் தூக்குகிறார்கள். இல்லாவிட்டால் அவள் அழுதுகொண்டு வாசலுக்கு வெளியே நிற்கிறாள். வந்து பார்த்தால் அவள் விட்ட இடத்திலேயே இருந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் தன் துண்டை அவள் தலைமேல் பிடித்திருந்தாள். வரிசையில் பாதிப்பேர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பலகைகளைப் படிமேல் சாய்த்தார்கள். காருக்காகச் செய்தது; நாற்காலிக்குச் செங்குத்து. மாஸ்டர் பின்னால் நின்று தள்ளினார். அவள் சக்கரத்தைக் கையால் உருட்டினாள். பாதியில் ஒரு பலகை நகர்ந்து கிறீச்சிட்டது. மாஸ்டருக்கு உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. முறைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சட்டென்று வந்து பலகையை மிதித்துக்கொண்டார். ஏறிவிட்டாள்.

அவள் ஓட்டுப் போட்டாள். பின்னால் மாஸ்டர் மறைவுக்குள் போய், முத்திரையைக் கையில் எடுத்து அந்தக் கட்சியின் கட்டத்துக்கு மேல் பிடித்தார். இதில் குத்தினால் பாலம், மலை, மரமில்லாத மேட்டுநிலம் எல்லாம் வந்துவிடும் என்று தோன்றியது. வெளியே அதிகாரி தொண்டையைச் செருமினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். பிறகு சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று பதறிக் கண்ணைத் திறந்து பார்த்தார். விழுந்திருந்தது.

அந்தக் கட்சி ஜெயித்தது. தனியாக இல்லை, வேறு இரண்டு கட்சிகளைத் தோளில் சுமந்துகொண்டு. அதனால் சட்டம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்தது. குழு போட்டார்கள். குழுவை மாற்றினார்கள். ஒரு சாயங்காலம் செய்தியில், சம உரிமைச் சட்டம் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்றார்கள். அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். மாஸ்டர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

"பாட்டா பாடுறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"சட்டம் தள்ளிப்போன அன்னைக்கு உங்களுக்குப் பாட்டு வருது."

 ஈரக் கையோடு திரும்பினார். "எனக்கு அந்தச் சட்டம் வேணும். சத்தியமா வேணும். ஆனா அந்த ரோடு வேண்டாம். ரெண்டும் ஒண்ணா கட்டிக்கிட்டு வந்தா நான் என்னதான் பண்ணட்டும்?"

"சர்க்கார்தான் என் மேல முத்திரை குத்தியிருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். "வீட்டுலயும் ஒண்ணு இருக்குது போல."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். புகார் எண் சொல்வதுபோலச் சாதாரணக் குரலில் சொன்னாள். அன்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. மூன்றாம் நாள் மாஸ்டர் வேலைக்கு நடுவில் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ஒரு சந்தேகம். கத்துக்கறவங்க பழகுநர்னு 'எல்' பலகை மாட்டிட்டு எங்க வேணாலும் ஓட்டலாந்தானே?"

"பக்கத்துல மாஸ்டர் இருந்தா எங்க வேணாலும் ஓட்டலாம். ஏன்?"

"நகர எல்லையத் தாண்டி?"

"பழகுநருக்கு ஏதுய்யா எல்லை?" என்ற முதலாளி, சொல்லி முடிப்பதற்குள் விஷயம் புரிந்து அவரை உற்றுப் பார்த்தார். "அடப்பாவி. லைசென்ஸ் வச்சிருக்கிறவ போகக் கூடாது, இல்லாதவ போகலாமா?"

"அப்படித்தான் தெரியுது."

பயிற்சிக் காரில் வெல்டர் மறுபடி கம்பி போட்டார். அவள் தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழகுநர் அனுமதிக்கு மனுப் போட்டாள். இப்படி ஒரு மனுவை வாங்கிப் பழக்கமில்லாத எழுத்தர் மேலும் கீழும் பார்த்தார். உள்ளதையும் விட்டுவிட்டு இதை வாங்குகிறோமே, நாளை ஏதாவது தகராறு என்றால் நகரத்துக்குள் ஓட்டுகிற உரிமையும் போய்விடுமே என்று மாஸ்டருக்கு உள்ளுக்குள் உதறல். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, 'போய் வாருங்கள்' பலகையைத் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியது. எதிரே ஒரு லாரி. மாஸ்டரின் கால் அவரைக் கேட்காமலே மிதித்துவிட்டது. பாலத்தின் நட்டநடுவில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒலிப்பான்கள் அலறின.

"மாஸ்டர்," என்றாள் அவள், நேராகப் பார்த்தபடி. "கால எடுங்க."

எடுத்தார். இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கம்பியை இழுத்தாள். அக்கரையில் வெள்ளரி விற்கிறவர்கள், செங்கல் சூளை, ஒரு பெட்ரோல் நிலையம். விசேஷமாக ஒன்றுமே இல்லை. அவள் அவற்றை எல்லாம் கண்ணாடி இறக்கிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். வழியில் இருந்த நாய்கள் எதையும் அவர் கவனிக்கவில்லை.

மறு வருஷம் சட்டம் வந்தேவிட்டது. சிவப்பு முத்திரை இல்லாத உரிமம் வீட்டுக்கு வந்த அன்று அவள், "இப்ப ரெண்டு பேரும் சமம். இனிமே நானும் உங்கள வா, போன்னுதான் கூப்பிடுவேன்," என்றாள்.

"கூப்பிடேன். யாரு வேண்டாம்னா?"

"மாஸ்டர், இங்க வா." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை. "'மாஸ்டர் வா'ன்னா நல்லாவே இல்லீங்க. சம உரிமைய வேற ஏதாவதுல வச்சுக்குவோம். பாத்திரம் நீங்களே கழுவுங்க."

மேற்கே கிளம்பினார்கள். சொந்தக் கார், மாஸ்டர் பக்கம் பிரேக் கிடையாது. மச்சான் வழியனுப்ப வந்து, தங்கை பக்கம் பார்க்காமல், பின்னிருக்கையில் ஒரு மடிப்புச் சரிவுப் பலகையை வைத்துவிட்டுப் போனார். தன் கட்டட வேலைக்காரர்களை வைத்துச் செய்தது. "கொண்டுபோங்க, சும்மா கெடந்துச்சு," என்றார். புதுப் பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது.

சமவெளியில் இரண்டு நாள் நன்றாகவே போனது. மாஸ்டர் ஒவ்வொரு பாலத்துக்கும் மூச்சைப் பிடித்து, தாண்டியதும் விட்டார். மலையடிவாரத்தில் வானொலிச் செய்தி கேட்டது. சம உரிமைச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். இடைக்காலத் தடை கேட்டிருக்கிறார்கள். உத்தரவு எந்நேரமும் வரலாம்.

"நிறுத்து," என்றார் மாஸ்டர். "எடம் மாறிக்குவோம். தட வந்திடுச்சுன்னா நீ ஓட்டுறது தப்பாயிடும். நடுக்காட்டுல புடிச்சுக்குவாங்க."

"வந்திடுச்சா?"

"வரலாம்னு சொல்றாங்க."

"வரட்டும். வர்ற வரைக்கும் நான் ஓட்டுறேன். வந்தா அந்த எடத்துல நிறுத்திடுறேன்."

 மலை ஏறும்போது வானொலி கரகரத்து அடங்கிவிட்டது. தடை வந்ததா வரவில்லையா என்று தெரியாமலே வளைவுக்கு மேல் வளைவாக ஏறினார்கள். உச்சியில் ஒரு சோதனைச் சாவடி. காவலர் ஒருவர் கையைக் காட்டினார். அவள் உரிமத்தை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பின்னால் மடித்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"யார் ஓட்டுறது?"

"நான்தான்."

"உங்களுக்கெல்லாம் ஊருக்குள்ள மட்டுந்தானே?"

"சட்டம் மாறிடுச்சு சார்."

"அதத்தான் கோர்ட்டுல போட்டிருக்காங்களாமே. ஓரமா நிறுத்துங்க, கேட்டுச் சொல்றேன்."

காவலர் உரிமத்தோடு உள்ளே போனார். சன்னல் வழியே அவர் தொலைபேசியைச் சுழற்றுவதும், வைப்பதும், மறுபடி சுழற்றுவதும் தெரிந்தது. குளிர்காற்று அடித்தது. மாஸ்டர் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பாள். இந்த முறை எந்தப் பலகையைக் கொண்டுவந்து சாய்ப்பது? திரும்பிப் பார்த்தால் அவள் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்திருந்தாள். அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் பார்க்காதது அது.

"உனக்குப் பயமா இருக்கா?"

"பின்ன? உங்களுக்கு மட்டுந்தான் வருமா?" என்றாள். "நானும் சேந்து பயந்தா வண்டிய யாரு ஓட்டுறதுன்னுதான் வெளிய காட்டிக்கறதில்ல."

மாஸ்டர் பக்கத்து இருக்கையில் ஏறி அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார்.  இரண்டு பேரும் அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்துக் காவலர் வந்தார். "மேலதிகாரி கெடைக்கல. தட வந்ததா எனக்குத் தகவல் இல்ல. தகவல் இல்லாம புடிச்சு வைக்க முடியாது. போங்க." உரிமத்தைக் கொடுத்துவிட்டு, "எறக்கத்துல கவனம். பனி எறங்குது," என்றார்.

மலை இறங்கியதும் அவளுக்குத் தோள் விட்டுப்போனது. மேட்டுநிலத்தில் ஒரு பகல் முழுக்க மாஸ்டர் ஓட்டினார். முழுக்க நான்தான் என்று சொன்னவள், ஒரு வார்த்தையும் சொல்லாமல் தூங்கினாள். மறுநாள் மறுபடி அவள் பிடித்துக்கொண்டாள். ஐந்து விடுதிகளில் மூன்றில் மச்சானின் பலகை தேவைப்பட்டது. ஒன்றில் அதுவும் போதாமல் காரிலேயே படுத்தார்கள்.

மேற்குக் கடலை ஒரு மேகமூட்டமான சாயங்காலத்தில் அடைந்தார்கள். சூரியன் முங்குவது தெரியவே இல்லை. வானம் சாம்பல் நிறத்தில் மெல்ல இருண்டது, அவ்வளவுதான். சாலை முடிகிற இடத்தில் அவள் வண்டியை நிறுத்தி, கம்பியிலிருந்து கையை எடுத்து, விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டாள். அலைச் சத்தத்துக்கு நடுவே மாஸ்டர் வானொலியைத் திருகினார். இடைக்காலத் தடை இல்லை. வழக்கு மட்டும் நடக்கும் என்றார்கள்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. விசாரணை தள்ளிப்போகும்போதெல்லாம் மாஸ்டருக்கு இரண்டு இரவு தூக்கம் கெடும். இப்போது அவர் பயப்படுவது சட்டம் நிலைக்க வேண்டுமே என்றுதான். அந்தக் கவலையை அவர் அவளிடம் மறைப்பதில்லை. அவளும் தன்னுடையதைச் சொல்கிறாள். வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்குக்கு இன்னொரு கோடு போட்டாகிவிட்டது. இந்த முறை பேனாவைப் பிடித்தவர் மாஸ்டர். போட்டு முடித்ததும் தொலைபேசியை எடுத்து, வழியில் இருக்கிற முதல் விடுதியைக் கூப்பிட்டு, வாசலில் படி இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.